உச்சிமாகாளி பேரில் ஒன்பது நம்பர்

அறுபத்துமூன்று வயது. ஆண். தொழில், பலசரக்கு வியாபாரம். அப்படியென்றால் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டு வந்தது யார்?

பாண்டிச்செல்வி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் ஆறடிக்கு எட்டடி செல்போன் கடை ஒன்றில் நின்றுகொண்டு, கடைக்காரர் செந்தமிழன் அவள் பக்கம் திருப்பிக் காட்டிய கணினித் திரையையே பார்த்தாள்.

"இந்த நம்பரு உங்க பேர்ல இல்ல மேடம். உச்சிமாகாளின்னு கீது. யாரு, அப்பாவா?"

"இல்ல. எங்க ஊர் பஸ் ஸ்டாப்புல கடை வச்சிருக்க அண்ணாச்சி."

"கடைக்காரர் பேர்ல நீங்க இன்னா பண்றீங்க?"

பன்னிரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று, சங்கரன்கோவில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, உச்சிமாகாளி அண்ணாச்சி தன் சொந்த அடையாள அட்டையைக் காட்டி வாங்கிவைத்திருந்த ஒரு சிம்மைக் கையில் திணித்தார். "அவசரத்துக்கு வச்சிக்கோ தாயி, பொறவு மாத்திக்கலாம்" என்றார். பிறகு என்பது இன்று சாயங்காலம்தான் வந்திருக்கிறது.

"உங்க பேர்ல இருந்தாத்தான் மேடம் வேற கம்பெனிக்கு மாத்த முடியும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தணும்ங்க."

"இன்னிக்கு திங்கள். அவரு மனசு வெச்சா ஆவும்."

பாண்டிச்செல்வி கையிலிருந்த தாளை மடித்தாள். இரண்டு இரவுகள் உட்கார்ந்து தயாரித்த தாள் அது.

அவள் வேலை செய்கிற கம்பெனி, கார் கதவுப் பூட்டுகளுக்கு இரும்புத் தகடுகள் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது. தகடு சரியா தவறா என்று பார்க்கிற இன்ஜினியர் அவள். போன மார்ச்சில் முதல்முறையாக அவளைத் தாய்லாந்துக்கு நான்கு நாள் அனுப்பினார்கள். விமானம் தரையிறங்கியதும் போன் செத்தது. விமான நிலையத்தில் ஒருவரிடம் இரவல் போன் வாங்கி, வெளிநாட்டுச் சேவையைத் தொடங்கச் சொல்லிக் கேட்டால், அதே நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருப்பதாக அவளுடைய ஸிங்கோ கம்பெனி சொன்னது. ஓடிபி வர வேண்டுமானால் சிக்னல் வேண்டும். சிக்னல் வர வேண்டுமானால் ஓடிபி வேண்டும். நான்கு நாளும் அது அப்படியே கிடந்தது.

திரும்பி வந்து இறங்கியபோது அறுபத்தெட்டு அழைப்புகள் காத்திருந்தன. முப்பத்தொன்று மேனேஜர் ஜீவானந்தம். இருபத்தாறு அம்மா. மீதி, தம்பி எடுத்த பைக் கடனுக்கு இவள் நம்பரைக் கொடுத்திருந்ததால் வந்தவை. அங்கே அவள் என்ன செய்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் போனை எடுக்கவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அந்த நான்கு நாளும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பிடிபட்ட திருட்டைவிடப் பிடிபடாத திருட்டுதான் அதிகம் உறுத்துகிறது.

இப்போது புதிதாக ஒரு பதவி வந்திருந்தது. வருடத்துக்கு ஏழு பயணம், தாய்லாந்தில் தொடங்கி மெக்சிகோ வரைக்கும். தகடு போய்ச் சேர்கிற ஆலையிலேயே நின்று பார்த்து, அங்கேயே கையெழுத்துப் போடுகிற வேலை. ஏழு வருடமாக 'சாரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாக்கு தேய்ந்துபோயிருந்தது. அந்தக் கையெழுத்து அவளுக்கு வேண்டும். இவ்வளவு வேண்டும் என்று தனக்குள் ஒன்று கிடந்ததே, பதவியைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

காலையில் ஜீவானந்தம் சொல்லிவிட்டார்.

"உங்க வேலையில குறையே இல்ல செல்வி. ஆனா ரீச் பண்ண முடியலையே. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, எல்லா நாட்டுலயும் வேலை செய்யற நம்பரோட மீட்டிங்குக்கு வாங்க. இல்லேன்னா மணிகண்டபிரபு போகட்டும்."

மணிகண்டபிரபு அடுத்த மேஜை. இரண்டு போன் வைத்திருப்பவன். டீ குடிக்கப் போனாலும் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போகிறேன் என்று ஒருமுறை, வந்துவிட்டேன் என்று ஒருமுறை போடுகிற ரகம்.

ஆகவேதான் பாண்டிச்செல்வி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். புதிதாக ஒரு கம்பெனியிடம் இரும்பு வாங்குவதற்கு முன்னால் எப்படிச் சோதிப்பார்களோ அப்படியே போன் கம்பெனிகளைச் சோதித்தாள். தாளில் பதினான்கு கேள்விகள், கேள்விக்கு இத்தனை மதிப்பெண் என்று கட்டம். செந்தமிழன் எல்லாக் கம்பெனி சிம்மும் விற்பவர் என்பதால் அவரையே நிற்க வைத்துக் கேட்டாள்.

"பிளேன்ல இருந்து இறங்கி எத்தனை நிமிஷத்துல சிக்னல் வரும்?"

"வரும் மேடம்."

"நிமிஷத்துல சொல்லுங்க. நூறு பேர் இறங்கினா எத்தனை பேருக்கு வராது?"

செந்தமிழன் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். "மேடம், சிம்மு வாங்க வந்தீங்களா, கம்பெனியையே வாங்க வந்தீங்களா?"

கடைசியில் வான்டெல் எண்பத்தேழு மதிப்பெண் வாங்கியது. நமஸ்தே மொபைலுக்கு எழுபத்தொன்று. ஸிங்கோவுக்கு நாற்பது. 'முந்தைய நடத்தை' என்ற கட்டத்தில் ஸிங்கோவுக்குப் பூஜ்யம் போட்டபோது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எல்லாம் முடிந்து, நம்பரை வான்டெலுக்கு மாற்றுங்கள் என்று சொன்ன பிறகுதான் அவள் உச்சிமாகாளி என்பது தெரியவந்தது.

கடை வாசலிலேயே நின்று ஊருக்கு அடித்தாள்.

"அண்ணாச்சி, நான் பாண்டிச்செல்வி பேசுதேன்."

"சொல்லு தாயி. எந்த நாட்டுல இருக்க?"

"ஒரகடத்துலதான். என் நம்பர் ஒங்க பேர்ல இருக்காம் அண்ணாச்சி. அதை என் பேருக்கு மாத்தணும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தலைன்னா என் வேலை போயிரும்."

"வேலை போயிருமா?" அண்ணாச்சியின் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஒன் வேலை என்னால போறதா? நாளைக்கே முடிச்சிருதேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும்."

ஒண்ணும் சொல்ல வேண்டாம் என்று சொல்கிறவரிடம் நாலு விஷயம் சொல்லியிருக்க வேண்டும். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சேரப்பணஞ்சேரியில் அவளும் சுகப்பிரியாவும் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற வீட்டில், பாண்டிச்செல்வி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுகப்பிரியா அவள் சொந்த ஊர்க்காரி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. அண்ணாச்சியின் அழைப்பு வந்தது.

"முடிஞ்சிட்டு தாயி. கம்ப்யூட்டர் சென்டர்ல போயி ஒக்காந்து, ஏ, என் பேர்ல இருக்க நம்பரையெல்லாம் காட்டுன்னேன். எத்தனை இருந்துச்சு தெரியுமா? ஒன்பது. ஒனக்கு மட்டும் செஞ்சா மத்த பிள்ளையெல்லாம் என்ன நினைக்கும்? அதனால ஒன்பதையும் ஒரே அடியா நீக்கி—"

அழைப்பு அறுந்தது.

பாண்டிச்செல்வி திரும்ப அடித்தாள். போகவில்லை. திரையில் சிக்னல் கோடுகள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

சுகப்பிரியா குளியலறையிலிருந்து தலையில் துண்டோடு வந்தாள். "யக்கா, என் போன்ல டவரே இல்லக்கா. ஒனக்கு?"

பாண்டிச்செல்வி போனைக் கீழே வைத்துவிட்டுச் சுகப்பிரியாவையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பிரியா, ஒனக்கு சிம் யாரு வாங்கித் தந்தா?"

"அண்ணாச்சிதான். ஏன்க்கா?"

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒன்பதில் ஒன்று அண்ணாச்சியின் சொந்த நம்பர். மீதி எட்டும், அந்தப் பஸ் நிறுத்தத்திலிருந்து பெட்டியோடு ஏறி இந்தப் பக்கத்து ஆலைகளுக்கு வந்த எட்டுப் பெண்களுடையவை. ஒவ்வொருத்திக்கும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் அவசரத்துக்கு ஒரு சிம் கையில் திணிக்கப்பட்டிருக்கிறது. பென்னலூரில் ஒருத்தி, வாலாஜாபாத் பக்கம் செருப்புக் கம்பெனியில் ஒருத்தி. வருடக்கணக்காக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாதவர்கள், யார் போனையோ வாங்கி ஊருக்குப் பேசி விஷயம் தெரிந்துகொண்டு, பாண்டிச்செல்வியைப் போனில் திட்ட வழியில்லாததால் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார்கள்.

அறையில் உட்கார இடமில்லை. இரண்டு பேர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்கள்.

"நீ வெளிநாடு போறதுக்கு நாங்க ஏன்க்கா ஊமையாவணும்?" என்றாள் பென்னலூர்க்காரி.

"எனக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து இன்னைக்கு போன் பண்ணுதோம்னு சொல்லியிருந்தாவ" என்றாள் செருப்புக் கம்பெனிக்காரி.

"அய்யய்யோ. சாரிம்மா" என்றாள் பாண்டிச்செல்வி.

"இல்லக்கா, அதுக்கு ஒனக்கு தேங்க்ஸ் சொல்லத்தான் வந்தேன். அந்த ஆளு பல் விளக்குனியா, சாப்புட்டியான்னு நாளைக்கு அஞ்சு தடவை கேக்கான்."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. கோபத்தோடு வந்தவர்களுக்குச் சுகப்பிரியா காபி போட்டாள். டம்ளர் போதாமல் சொம்பிலும் ஊற்றினாள். பாண்டிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. அண்ணாச்சியைக் கூப்பிடக்கூட வழியில்லை, அவர் நம்பரும் அந்த ஒன்பதில் ஒன்று.

கூப்பிடாமலே அவர் வந்தார். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, கட்டைப்பையும் சேவு பொட்டலமுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினார். பையிலிருந்து லேமினேஷன் செய்த ஒரு தாளை எடுத்து, இரண்டு கையாலும் பாண்டிச்செல்வியிடம் நீட்டினார்.

"இந்தா தாயி, நீக்கல் சான்று. தபால்ல போட்டா வெள்ளிக்கிழமைக்கு வந்து சேராதுலா, அதான் ராத்திரியே பஸ் ஏறிட்டேன்."

"என்ன நீக்கல் சான்று அண்ணாச்சி?"

"என்ன இப்படிக் கேக்க? ரேஷன் கார்டுல எப்படி? கல்யாணமான பிள்ளைக்கு மொதல்ல அப்பன் கார்டுல பேரை நீக்கணும். நீக்கல் சான்று வாங்கணும். பொறவு புருசன் கார்டுல சேக்கணும். நாப்பது வருசமா ஊருக்கே நான்தான் மனு எழுதிக் குடுக்கேன். போன் மட்டும் வானத்துல இருந்தா குதிச்சுச்சு?"

அது வானத்திலிருந்துதானே வருகிறது என்று பாண்டிச்செல்வி நினைத்தாள். ஆனால் அந்த மனிதர் இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த வேட்டிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுச் சேவு பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கம்பெனிக்கு லீவு சொல்ல வேண்டும். சொல்ல போன் இல்லை. பக்கத்து வீட்டு போனிலிருந்து மெசேஜ் அனுப்பினாள். 'யார் இது' என்று ஜீவானந்தத்திடமிருந்து பதில் வந்தது.

பத்து மணிக்கு செந்தமிழன் கடையில் எட்டுப் பெண்களும் அண்ணாச்சியும் இருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்த ஒருத்தி நின்றபடியே தூங்கினாள்.

"கவலையே வேணாம்" என்றார் செந்தமிழன். "நீக்கி ரெண்டு நாள்தானே ஆவுது. பெரியவரு கைரேகை வெச்சா ஒன்பதும் திரும்ப உயிர் வந்துடும். அப்பறம் ஒண்ணொண்ணா பேரு மாத்திக்கலாம்."

அண்ணாச்சி கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். கருவி சிவப்பாக எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை. பத்தும் சிவப்பு.

"இன்னா பெரியவரே, விரல்ல ரேகையையே காணோம்?"

"வெல்லம் தட்டித் தட்டித் தேய்ஞ்சிருக்கும்" என்று அண்ணாச்சி தன் விரல்களைக் கவலையோடு பார்த்தார்.

"பரவால்ல. ஓடிபி போட்டுடலாம். உங்க நம்பருக்கு வரும், பாத்து சொல்லுங்க."

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தூரமாகப் பிடித்து, பார்த்தார். எட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"வரலையே."

"எந்த நம்பரு உங்களுது?"

"அதான் தம்பி, அந்த ஒன்பதாவது."

செந்தமிழன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டே சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக எட்டுப் பேருக்குக் கொடுத்துவைத்திருந்த பெயரைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டவர் மாதிரி, லேமினேஷன் தாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க பாண்டிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. தன் வெள்ளிக்கிழமையை அவள் அந்த நிமிடம் மறந்துபோனாள்.

"புது சிம் போடுங்க" என்றாள். "எட்டுப் பேருக்கும். அவங்கவங்க பேர்ல."

ஒவ்வொருத்தியாகக் கட்டைவிரலை வைத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் கருவி பச்சையாக எரிந்தது. செந்தமிழன் திரையைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகப் படித்தார். தன் பெயர் படிக்கப்பட்டபோது சுகப்பிரியா பள்ளிக்கூடத்தில் மாதிரி "உள்ளேன் ஐயா" என்றாள். தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி விரலை வைக்கச் சொன்னார்கள். பாண்டிச்செல்வியின் முறை வந்தது. பாண்டிச்செல்வி, வயது முப்பது, பெண். திரையில் அதைப் படித்தபோது, நெடுநாள் கழித்துத் தெருவில் பார்த்த தோழியிடம்போல அவளுக்கு ஒரு கூச்சம் வந்தது.

அண்ணாச்சிக்கு மட்டும் விரலும் இல்லை, நம்பரும் இல்லை. சுகப்பிரியா இன்னொரு முறை தன் கட்டைவிரலை வைத்து, ஒரு சிம்மை வாங்கி அவர் சட்டைப்பையில் திணித்தாள்.

"அவசரத்துக்கு வச்சிக்கோங்க அண்ணாச்சி. பொறவு மாத்திக்கலாம்."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சேவு எடுத்துக் கொடுத்தார். செந்தமிழனுக்கும் கொடுத்தார்.

"உங்களுக்கு வான்டெல்தானே மேடம், போட்டுட்டேன்" என்றார் செந்தமிழன் சேவைக் கடித்தபடி. "எம்பத்தேழு மார்க்கு."

"சரி. வெளிநாட்டுச் சேவையை இப்பவே தொடங்கிடுங்க."

"அது தொண்ணூறு நாள் ஆவும் மேடம். புது நம்பருக்கு உடனே தர மாட்டாங்க. எந்தக் கம்பெனியும் தராது."

பாண்டிச்செல்வி பையிலிருந்து தாளை எடுத்தாள். பதினான்கு கேள்விகள். விரித்து மேஜைமேல் வைத்தாள்.

"இதை நீங்க திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

செந்தமிழன் தாளை மேலிருந்து கீழ்வரைக்கும் பொறுமையாகப் படித்தார்.

"உங்க பேப்பர்ல அந்தக் கேள்வி இல்லியே மேடம்."

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழக்கமாக இந்த அரைமணி நேரத்தில் அம்மா இரண்டு முறை கூப்பிடுவாள். தம்பி ஒருமுறை. ஜீவானந்தம் நேற்றைய ரிப்போர்ட்டைப் பற்றி. இன்று மடியில் கிடந்த போன் ஒன்றும் சொல்லவில்லை. புது நம்பர் அவளையும் செந்தமிழனையும் தவிர யாருக்கும் தெரியாது. மதியம் அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும். மதியம் போதும்.

அந்த அமைதியில் தாய்லாந்து ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் காலையில் மூன்று பெட்டித் தகடுகளில் துளை இடம் தள்ளியிருக்கிறது என்று சொல்லி, லைனை நிறுத்திவிட்டுப் பதினைந்து பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். கை தானாகவே போனுக்குப் போனது. செத்த போன். போட்டோ எடுத்து அனுப்ப வழியில்லை, கேட்க ஆள் இல்லை. போனைப் பையில் போட்டாள். அளவுகோலை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் ஒவ்வொரு தகடாகப் பார்த்தாள். இரண்டு பெட்டி போகலாம், ஒன்று வேண்டாம் என்றாள். லைன் ஓடியது. பயத்தில் வியர்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அதைவிட, அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பத்து மணிக்கு மீட்டிங் அறையில் ஜீவானந்தம், மணிகண்டபிரபு, அவள். மணிகண்டபிரபுவின் இரண்டு போன்களும் மேஜைமேல் குப்புற வரிசையாகக் கிடந்தன.

"சார், ரெண்டு சிம்லயும் ரோமிங் போட்டுட்டேன்" என்றான். "ஒண்ணு போனா இன்னொண்ணு. நடுக்கடல்லகூட நான் லைன்ல இருப்பேன்."

"நடுக்கடல்ல நமக்கு கஸ்டமர் இல்ல பிரபு" என்றார் ஜீவானந்தம். ஆனால் முகத்தில் திருப்தி தெரிந்தது. பாண்டிச்செல்வி பக்கம் திரும்பி, தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவளுடைய நம்பரை அழுத்தினார்.

நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறைக்குச் சொன்னது. மூன்று மொழியும் முடியும்வரை ஜீவானந்தம் காத்திருந்தார்.

"மார்ச்ல ரீச் பண்ண முடியல. இப்ப நம்பரே இல்ல. நான் என்ன செல்வி பண்றது?"

"போன் இல்லாத நாலு நாளும் வேலை நிக்கல சார்."

இதைத்தான் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. குரல் நிதானமாக இருந்தது.

"நின்னிருந்தா? யாரைக் கேட்டிருப்பீங்க?" அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா. பிரபு பேரைப் போட்டுடறேன்."

கதவைத் தட்டிவிட்டு டில்லிபாபு உள்ளே வந்தார். கம்பெனியில் விசா, டிக்கெட் பார்க்கிறவர். கையில் ஒரு கடிதம்.

"சார், தாய்லாந்து டிக்கெட்டு மணிகண்டபிரபு சார் பேர்ல போடவான்னு கேக்க வந்தேன். ஆனா அந்த ஃபேக்டரில இருந்து இன்விடேஷன் லெட்டரு வேற மாரி வந்துகீது."

"வேற மாதிரின்னா?"

"இதுக்கு முன்னால ஆறு பேர் அங்க போய் வந்தாங்க சார். எல்லாரும் நாள் பூரா உங்களாண்டதான் போன்ல பேசிக்கினு இருந்தாங்க. ஒருத்தரைக்கூட அவங்க ரெண்டாந்தபா கூப்ட்டது இல்ல. இந்தவாட்டிதான் கேட்டு எழுதிக்கிறாங்க." டில்லிபாபு கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "பேரு தெரியல போல. 'போன் வேலை செய்யாத அந்த அம்மாவையே ஒவ்வொரு முறையும் அனுப்புங்க, அவங்க ஒருத்தர்தான் யாரையும் கேக்காம இங்கயே முடிவு சொன்னாங்க'ன்னு கீது."

மேஜைமேல் மணிகண்டபிரபுவின் போன் ஒன்று துடித்தது. அவன் அதைத் தொடவில்லை.

ஜீவானந்தம் கடிதத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் பாண்டிச்செல்வி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, டில்லிபாபுவிடம் கொடுத்தார். டைரியைத் திறந்து, புதுப் பக்கம் எடுத்து, பேனாவோடு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. புது நம்பர் வாங்கியிருப்பீங்கல்ல. சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பாண்டிச்செல்வி நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"போயிட்டு வந்து சொல்றேன் சார்."